பெரியம்மாவின் ஆகாயப் பிரயாணம்

"கடலூரில் ஆகாய விமான நிலையம் எங்கே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால் சிரித்துவிடாதீர்கள். என் பெரியம்மா கேட்டபோது நான் சிரித்துவிட்டு, அப்புறம் வெட்கப்பட்டேன்.

சென்ற வருஷத்துக்கு முந்தின டிசம்பர் என்று சொல்லிக் குழப்புவானேன்? 2024 டிசம்பர் மாதக் கடைசி. தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் நானும் பெரியம்மாவும் உட்கார்ந்து சுண்டல் கொறித்துக் கொண்டிருந்தோம். வடக்கே, கடலுக்கு மேலே, ஒரு விமானம் தாழ்வாகத் தும்பி மாதிரி போயிற்று.

"ஏண்டி பாப்பா, இவ்வளவு தாழப் போவுதே, பக்கத்திலேயே எங்கேயோ இறங்கப் போவுது. எங்கே இறங்கும்?" என்றாள் பெரியம்மா.

"லாஸ்பேட்டையிலே, பெரியம்மா. புதுச்சேரியிலே. மறுபடியும் விட ஆரம்பிச்சிட்டாங்களாம். பெங்களூருக்கு ஒண்ணு, ஹைதராபாத்துக்கு ஒண்ணு."

சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தாள் பெரியம்மா. "ஹைதராபாத்துக்கா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒன்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊரை உங்களுக்குக் கொஞ்சம் அறிமுகம் செய்து வைக்கிறேன்.

தேவனாம்பட்டினத்துக்குச் சரித்திரத்தில் பெரிய இடம் உண்டு. கெடில நதி கடலில் சேரும் இந்த மூலையில் இருந்த கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். நிலத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டார்கள். நாலா பக்கமும் குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும் அவர்களுக்குச் சொந்தம்! குண்டு உப்பலவாடி என்று ஒரு கிராமம் இன்றும் இருக்கிறது. கடலூரில் குண்டு சாலையும் இருக்கிறது. கோட்டைக்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் சூட்டினார்கள். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக் கொண்டபோது, இந்தக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமை இடமாக இருந்தது இதுதான். 1752 வரையில் அப்படியே இருந்தது. 1756-இல் ராபர்ட் கிளைவ் இதன் கவர்னர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். ஆங்கிலேயர் சும்மா இருப்பார்களா? 1761-இல் புதுச்சேரியைப் பிடித்து அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

இடிந்த புதுச்சேரியைத் திரும்பப் பெற்றுக் கட்டி எழுப்ப 1765-இல் கவர்னராக வந்தவர் லா தெ லோரிஸ்தோன். பிரான்ஸில் காகிதப் பணம் வெளியிட்டுப் பெயரும் பழியும் சம்பாதித்த ஜான் லாவின் சகோதரர் மகன் அவர். லாஸ்பேட்டை என்ற பெயரில் இருக்கும் 'லா' இவர்தான் என்பார்கள். ஆகவே, எங்கள் தேவனாம்பட்டினத்துக்கும் லாஸ்பேட்டைக்கும் ரொம்பப் பழைய, கொஞ்சம் சண்டைக்காரச் சம்பந்தம் உண்டு!

இனி பெரியம்மாவின் கதை.

அவளுக்கு ஒரே பெண். ஹைதராபாத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். 2016 பிப்ரவரியில் அவளுக்குத் தலைப்பிரசவம். மாசம் எட்டுத்தான் ஆகியிருந்தது. ஒன்பதாம் மாதம் அழைத்து வரலாம் என்று பெரியம்மா நாள் பார்த்து வைத்திருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில் டெலிபோன் வந்தது. "ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள்" என்றார் மாப்பிள்ளை.

உடனே என்றால் எப்படி? கடலூரிலிருந்து பஸ்ஸில் சென்னை. சென்னையில் சென்ட்ரல் ஸ்டேஷன். சாயங்காலம் சார்மினார் எக்ஸ்பிரஸ். ரிசர்வேஷன் கிடைக்கவில்லை, பெரியம்மாவும் நானும் கக்கூஸ் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி மேல் மாற்றி மாற்றி உட்கார்ந்து போனோம். மறுநாள் காலை போய்ச் சேர்ந்தபோது குழந்தை பிறந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. தாய்க்கு ரத்தம் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். "அம்மா எங்கே, அம்மா எங்கே என்று ராத்திரி பூராக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று ஒரு நர்ஸ் சொன்னாள். நல்ல வேளையாக இருவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த நர்ஸ் சொன்ன வார்த்தையைப் பெரியம்மா மறக்கவில்லை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சுனாமியில் வீடு போனதைக்கூட அவ்வளவு தடவை சொன்னதில்லை.

சென்னையில் விமானம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அன்றைக்கு அன்று வாங்குகிற டிக்கெட்டுக்கு என்ன விலை சொன்னார்கள் என்பதை இங்கே எழுதி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. வேடிக்கை என்னவென்றால், அப்போது எங்கள் வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் லாஸ்பேட்டையில் புத்தம் புதிய விமான நிலையக் கட்டிடம் பளபளவென்று நின்று கொண்டிருந்தது. விமானம்தான் இல்லை!

இந்த லாஸ்பேட்டை நிலையத்தின் சரித்திரம் மாமியார் வீட்டுக்கும் தாய் வீட்டுக்கும் நடக்கிற பெண்ணின் பெட்டி மாதிரி. திறப்பதும் மூடுவதுமாகவே இருந்திருக்கிறது. 1980-களின் கடைசியில் 'வாயுதூத்' என்ற அரசாங்கக் கம்பெனியின் சின்ன விமானங்கள் வந்து போயின. பிறகு நின்றுவிட்டன. வெகு காலம் ஓடுபாதையில் வெயில்தான் இறங்கி ஏறியது. புதுக் கட்டிடம் எழும்பி, 2013 ஜனவரியில் ஸ்பைஸ்ஜெட் பெங்களூருக்கு விமானம் விட்டது. ஒரு வருஷத்துக்குச் சற்று மேல் ஓடிற்று; 2014-இல் நின்றது. 2015 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் வந்தது. அதுவும் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. நாங்கள் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து போனது இந்த இரண்டாவது மூடலுக்குப் பின்னால்தான்.

பிறகு 'உடான்' திட்டம் வந்தது. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய சர்க்கார் திட்டம் இது. 2017 ஏப்ரல் 27-இல் சிம்லாவிலிருந்து டில்லிக்கு முதல் விமானம் பறந்தது. திட்டத்தின் சாரம் இதுதான்: ஏறக்குறைய ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று பாதி இடங்களுக்கு வரம்பு கட்டினார்கள், அதனால் கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்தை மூன்று வருஷத்துக்குச் சர்க்கார் ஈடு செய்யும். அதே 2017-இல் ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரியிலிருந்து ஹைதராபாத்துக்கு ஸ்பைஸ்ஜெட் விமானம் புறப்பட்டது. அந்தத் தேதியைக் கவனியுங்கள். 1962-இல் இதே ஆகஸ்டு 16-இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. யோசித்துச் செய்தார்களோ, தற்செயலோ, நல்ல நாள்தான்.

பெரியம்மா உடனே ஏறிப் போயிருக்க வேண்டியதுதானே? அவளுக்குப் பயம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று இரண்டு வருஷத்தைத் தள்ளினாள். 2020-இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021-இல் விமானம் மறுபடி வந்தது. 2024-இன் முற்பகுதியில் மறுபடி நின்றது. அதற்குள் பெரியம்மாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்து விட்டன. பஸ்ஸின் முதல் படி அவளுக்கு மலையாகிவிட்டது. ரயில் பெட்டியில் கழிப்பறைக்குப் போய் வருவது அதைவிடப் பெரிய மலை. பேத்தியை வருஷத்துக்கு ஒரு தடவை கோடை விடுமுறையில் பார்ப்பதோடு சரி.

இப்படி வருவதும் போவதுமாக இருப்பதற்கு யாரையாவது திட்டலாமா என்று நானும் தேடிப் பார்த்தேன். சமையல் கணக்கு தெரிந்தவர்களுக்கு விஷயம் சுலபமாகப் புரியும். லாஸ்பேட்டை ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஹைதராபாத்தில் 4,260 மீட்டர். நூற்றெண்பது பேர் ஏறுகிற பெரிய ஜெட் விமானம் வந்து போக வேண்டுமானால் பொதுவாக 2,000 மீட்டராவது வேண்டும். ஆகவே இங்கே எழுபத்தெட்டுப் பேர் உட்காரும், விசிறி சுற்றுகிற சிறிய விமானந்தான் இறங்க முடியும். எழுபத்தெட்டுப் பேர் ஏறினாலும் முப்பது பேர் ஏறினாலும் பைலட்டுக்குச் சம்பளம் ஒன்றுதான்; எண்ணெய்ச் செலவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. சின்ன அடுப்பில் கல்யாணச் சமையல் செய்கிற மாதிரி. பத்துப் பேர் வராமல் போனாலே கை கடிக்கும்.

ஓடுபாதையை நீட்டினால் என்ன? நீட்டத்தான் வேண்டும் என்று வெகு நாளாகப் பேச்சு. ஆனால் நிலையத்தை ஒட்டித் தமிழ்நாட்டின் எல்லை வந்து விடுகிறது. நீட்டுவதற்கு வேண்டிய நிலத்தில் பெரும் பகுதி விழுப்புரம் ஜில்லா வானூர்ப் பக்கம் கிடக்கிறது. அந்தக் காலத்துக் கவர்னர்களானால் ஒரு பீரங்கியைக் கொண்டு வந்து வெடித்து, "இவ்வளவு தூரம் எங்களுடையது" என்று முடித்திருப்பார்கள். இப்போது இரண்டு சர்க்கார்கள் கூடிப் பேச வேண்டும்; நிலத்துக்காரர்களுக்கு நியாயமான விலை கொடுக்க வேண்டும். இதுதான் நாகரிகமான வழி. நிதானமான வழியும்கூட!

கடலூர் ஜில்லாவுக்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லையா என்றால், உண்டு. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் கட்டிய விமானத் தளம் இருக்கிறது. அங்கேயும் ஒரு காலத்தில் வாயுதூத் வந்தது. 2017-இல் உடான் திட்டத்தின் முதல் சுற்றில் சென்னை–நெய்வேலி வழிக்கு ஒரு கம்பெனிக்கு உத்தரவும் கிடைத்தது. அந்த விமானம் பறக்கவே இல்லை. சேலத்தார் கொஞ்சம் அதிருஷ்டசாலிகள். 2018-இல் வந்து 2021-இல் நின்ற விமானம் 2023 அக்டோபரில் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூரில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்தது. சேறு காய்வதற்குள், டிசம்பர் 20-ஆம் தேதி, இண்டிகோ கம்பெனி லாஸ்பேட்டையிலிருந்து விமானம் விட ஆரம்பித்தது. நாங்கள் சில்வர் பீச்சில் பார்த்த தும்பி அதுதான்.

"பேத்திக்கு மாசியிலே ஒன்பது வயசு ஆவுது" என்றாள் பெரியம்மா. "இந்தத் தடவையும் அடுத்த வருஷம்னு சொன்னா, அது நின்னுடும், இல்லேன்னா நான் நின்னுடுவேன். நீ சீட்டு வாங்கிடு."

அப்புறம் ஆரம்பித்தது மூட்டை கட்டும் வைபவம்! சகோதரிகளே, முதல் தடவை விமானத்தில் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துக் கொள்ளுங்கள். பெரிய பெட்டி பதினைந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கையில் வைத்துக் கொள்வது ஏழு கிலோ. பெரியம்மா முதலில் எடுத்து வைத்ததே முப்பத்திரண்டு கிலோ இருந்தது. அரிசி மாவு, முறுக்கு, மிளகாய்த்தூள், பேத்திக்குப் பட்டுப்பாவாடை, எல்லாவற்றுக்கும் மேலாக நெத்திலிக் கருவாடு. கருவாட்டைப் பற்றிக் கம்பெனிக்கு டெலிபோன் செய்து முன்கூட்டியே கேட்டேன். கேட்டதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. பதில் சொன்ன பெண்ணுக்கு வெட்கமில்லை. "வாசனை வெளியே வராமல் நன்றாகக் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்" என்றாள். மூன்று பிளாஸ்டிக் பை, ஒரு டப்பா, அதற்கு மேல் ஒரு பழைய புடவை. எகிப்து தேசத்து ராஜாவைக்கூட அப்படிச் சுற்றியிருக்க மாட்டார்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டோம். தென்பெண்ணைப் பாலம் தாண்டி முள்ளோடையில் புதுச்சேரி எல்லை. கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஊர்கள் ஒன்றை ஒன்று தொட்டுக் கொண்டு வருகின்றன. அரியாங்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியோடு வியாபாரம் நடந்தது. அத்தனை தூரத்துக்கு அன்று கப்பல் போய் வந்திருக்கிறது! நமக்கு ஹைதராபாத் போக இத்தனை பாடு. புதுச்சேரி நகரத்தின் நெரிசலைக் கடந்து லாஸ்பேட்டை சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சாவகாசமாகவே புறப்படுங்கள். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி வாங்கும் ஜன்னலை மூடிவிடுவார்கள், கெஞ்சிப் பயனில்லை.

நிலையத்தைப் பார்த்ததும் பெரியம்மா ஏமாந்து போனாள். "இவ்வளவுதானா? நம்ம திருப்பாதிரிப்புலியூர் ரயில் ஸ்டேஷன் பெரிசா இருக்குதே!" என்றாள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. சென்னை விமான நிலையத்தில் வாசலிலிருந்து விமானம் வரைக்கும் நடப்பதற்குள் ஒரு பிரயாணம் முடிந்துவிடும். இங்கே வாசற்படியில் நின்றாலே உள்ளே கடைசிச் சுவர் தெரிகிறது. டிக்கெட் வாங்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். காரிலிருந்து இறங்கிய சிறிது நேரத்துக்கெல்லாம் ஒரு பையன் நாற்காலியைத் தள்ளிக் கொண்டு வந்து, "உட்காருங்க ஆயா" என்றான். அதற்கென்று எங்களிடம் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

சோதனை செய்யும் இடத்தில்தான் கலாட்டா. பெரியம்மாவின் கைப்பை யந்திரத்துக்குள் போயிற்று, வெளியே வரவில்லை. பாதுகாப்புக்கு நின்ற பெண் பையைத் திறந்து ஒரு முழுத் தேங்காயை எடுத்தாள்.

"தேங்காயைக் கையில் கொண்டு போகக் கூடாதும்மா."

"சாமிக்கு வேண்டிக்கிட்டதும்மா. அங்கே போய் இறங்கினதும் உடைக்கணும்."

"இங்கேயே வாசல்லே உடைச்சுட்டு வாங்களேன்" என்றாள் அந்தப் பெண், சிரிக்காமல். பெரியம்மா யோசித்துப் பார்த்தாள். "இறங்கினப்புறம்னு வேண்டிக்கிட்டேன். ஏறுறதுக்கு முன்னாலேயே உடைச்சா சாமி இறக்கி விடாம இருந்துட்டா?" என்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கடைசியில் தேங்காய் நாற்காலிப் பையனுக்குப் போயிற்று. சட்னிக்கு ஆகியிருக்கும்.

விமானம் கட்டிடத்துக்கு எதிரிலேயே நின்றது. பிரான்ஸிலே துலூஸ் நகரத்தில் ஒருங்கிணைத்துச் செய்கிற ஏ.டி.ஆர். விமானம். பிரெஞ்சுக்காரர்கள் போனாலும் புதுச்சேரியை விடவில்லை பாருங்கள்! இந்த விமானத்தில் ஏறும் வழி பின்பக்கம். கதவே கீழே சாய்ந்து படிகளாகிவிடுகிறது. சில படிகள்தான், கையால் பிடித்துக் கொள்ளக் கயிறும் உண்டு. பெரியம்மா ஒவ்வொரு படியாக ஏறினாள். கடைசிப் படியில் நின்று, "நம்ம டவுன் பஸ்ஸைவிடச் சுளுவா இருக்குது" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

உள்ளே நடுவில் வழி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நாற்காலிகள். பெரிய விமானங்களில் இறக்கை ஜன்னலுக்குக் கீழே இருந்து பார்வையை மறைக்கும். இதில் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. ஆகவே எந்த ஜன்னலிலும் பூமி தெரியும். ஆறு இதழ் கொண்ட விசிறி சுற்ற ஆரம்பித்ததும் பெரியம்மா என் கையைப் பிடித்தாள். ஓடுபாதையில் வண்டி ஓடியது, ஓடியது. தரை விட்டது தெரியவில்லை. தென்னந்தோப்புகள் கீழே இறங்கின. அடுத்த நிமிஷம் கடல்!

நாங்கள் வலது பக்கத்து ஜன்னலில் இருந்தோம். விமானம் வடக்கே திரும்புவதற்கு முன்னால் கரை முழுவதும் தெற்கே நீண்டு கிடந்தது. வெள்ளை நுரைக்கோடு ஒன்று. அதைக் கிழித்துக் கொண்டு கடலில் விழும் ஆற்று முகங்கள். "அதோ பெண்ணை. அதுக்கு அந்தண்டை கெடிலம்" என்றாள் பெரியம்மா, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக் கொண்டு. எனக்குப் புகை மூட்டந்தான் தெரிந்தது. ஆனால் கடலைப் பார்த்தே வயசைக் கழித்தவளுக்குத் தெரிந்திருக்கலாம். பிடித்த கையை எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மணி நேரத்துக்குள் ஹைதராபாத். 2016-இல் விடியற்காலை கேட்ட செய்திக்கு மறுநாள் காலை போய் நின்றோமே, அதே ஊர்! ஷம்ஷாபாத் நிலையத்தின் வெளி வாசலில் பேத்தி குதித்துக் கொண்டு நின்றாள். "ஆயா, நீ பறந்தா வந்தே?" என்றாள். பெரியம்மா பதில் சொல்லாமல் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டு நின்றாள். வாடகைக் கார்க்காரன் ஹாரன் அடித்துக் கொண்டே இருந்தான்.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்ததும் கருவாட்டு ராஜா வெளியே வந்தார். அந்த அடுக்ககத்தின் நான்கு மாடிகளுக்கும் தேவனாம்பட்டினம் தெரிந்துவிட்டது. பேத்தி மூக்கைப் பிடித்துக் கொண்டு ஓடினாள்; மாப்பிள்ளை சமையலறைக்குள் ஓடி வந்தார்.

ராத்திரி படுக்கும்போது பெரியம்மா கேட்டாள்: "பாப்பா, திரும்பிப் போவ என்னைக்குச் சீட்டு?"

"மாசி மகத்துக்கு நாலு நாள் முன்னாலே, பெரியம்மா." மாசி மகத்தன்று சுற்று வட்டாரத்துச் சாமிகளெல்லாம் எங்கள் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார்கள். அன்றைக்கு அவள் ஊரில் இல்லாமல் இருக்க மாட்டாள்.

"அது வரைக்கும் விமானம் ஓடுமில்லே?"

"ஓடும்" என்றேன்.

"அப்போ தீவாளிக்கும் ஒரு சீட்டு இப்பவே வாங்கிடு. காலியா போனாத்தானே நிறுத்துறாங்க?" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்துக் கொண்டாள்.